இரட்டை அறை ஃபைட்டர் பெட்டி: ஐந்து மாதம் வைத்துப் பார்த்த பிறகு

விலை 650 ரூபாய். ஃபைட்டர் என்னும் சண்டை மீனுக்கு விலை தனி. ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒன்றரையும் எதற்கென்று போகப்போகச் சொல்கிறேன்.

பெட்டியின் பெயரையோ கடையின் பெயரையோ எழுதப் போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த இந்தப் பெட்டி நாலைந்து பெயர்களில் விற்கிறது, எதை வாங்கினாலும் கதை இதுதான். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும் அக்ரிலிக் பெட்டி. நடுவில் நிறமில்லாத ஒரு தடுப்பு. மூடியில் நீல எல்இடி விளக்கு, அதற்கு ஒரு யூஎஸ்பி வயர். கொஞ்சம் கூழாங்கல், இரண்டு பிளாஸ்டிக் செடி, விரல் நீளப் பொட்டலத்தில் தீனி. தீனிக்குக் காலாவதித் தேதி கிடையாது. அட்டைப்பெட்டி மேல் '1.5 லிட்டர்' என்றும் 'பராமரிப்பு தேவையில்லை' என்றும் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது.

வாங்கியது பெங்களூர் சிவாஜிநகரில், மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு. அவள் கேட்டது நாய். நாங்கள் இருப்பது அல்சூரில் இரண்டாம் மாடி வாடகை வீடு. மாடியில் துளசிச் செடி வைக்கவே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். நாயிலிருந்து முயல், முயலிலிருந்து லவ் பேர்ட்ஸ் என்று இறங்கி இறங்கி மீனில் வந்து நின்றது பேரம்.

கடைச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைட்டர், டம்ளருக்கும் டம்ளருக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டு. கடைக்காரர் எங்களோடு பேசிக்கொண்டே ஒரு அட்டையை உருவினார். அதுவரை வாடின கீரைக்கட்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு மீன்களும் சட்டென்று நிமிர்ந்தன. செவுள் மூடி இரண்டு பக்கமும் குடையாக விரிந்தது. அதன் அடியிலிருந்து கறுப்பாக ஒரு தாடி இறங்கியது. வால் மடிப்புக் கலைந்து அரை வட்டமாக நின்றது. "டான்ஸ் ஆடுது பாரும்மா" என்றார். மகள் அங்கேயே விழுந்துவிட்டாள். நானும்தான், எதற்குப் பொய் சொல்ல வேண்டும்.

"ரெண்டு ரூம் பெட்டி இருக்குக்கா. ரெண்டையும் உட்டுட்டீங்கன்னா நாள் பூரா வீட்லயே இந்த ஷோதான்."

"இவ்ளோ சின்னதுலயா அண்ணா?"

"ஃபைட்டர்க்கா இது. தாய்லாந்துல வயல் சேத்துல, மாட்டுக் குளம்பு பதிஞ்ச குழியில கெடக்கற மீனு. பெரிய தொட்டியில போட்டாத்தான் பயந்து செத்துரும்."

சிவப்புக்கு மிளகாய், நீலத்துக்கு மயில் என்று ஆட்டோவிலேயே பெயர் வைத்தாயிற்று.

வீட்டில் அப்பா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமான் வீட்டுக்கு வந்தாலும் ஸ்டீல் ஸ்கேலை எடுக்காமல் இருக்க மாட்டார். ஓர் அறையின் உள்ளளவு 8 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், குறியிட்ட கோடு வரை தண்ணீர் 9 செ.மீ. உயரம். கல்லைப் போட்டபின் ஒரு மீனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 600 மில்லி. நந்தினி பால் பாக்கெட் ஒன்றும், அதோடு ஒரு காபி டம்ளரும். மிளகாய் வாலோடு சேர்த்து 6 செ.மீ. இருந்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஏன் அம்மிணி, இது திரும்போணும்னா ரிவர்ஸ் எடுக்கோணுமே."

நாங்கள் நாமக்கல் பக்கம். ஊரில் கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையைக் கொடாப்பு என்பார்கள். "கொடாப்புல கவுத்த சேவலைக்கூட விடிஞ்சா தொறந்து உடுவோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார். வாங்கிவிட்டோமே என்ற எரிச்சலில் நான் பதில் சொல்லவில்லை.

முதல் பத்து நாள் அழகுதான். சோபாவுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு மீன்களும் தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செவுளை விரித்துக்கொண்டு நின்றன. காலையில் நான் டிபன் கட்டும்போதும் நின்றன, சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போதும் நின்றன. பிறகு மயில் விரிப்பதை நிறுத்திவிட்டு அடியில் கல் மேல் உட்கார ஆரம்பித்தது. மிளகாய்க்கு வால் ஓரம் யாரோ கத்தரித்த மாதிரி ஆனது. காளான் நோய் என்று நினைத்து மருந்து வாங்கப் போக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள்தான் கண்டுபிடித்தாள்: "அம்மா, அவன் வாலை அவனே கடிக்கிறான்." பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உடம்பை வளைத்து, ஒரு சுற்று, ஒரு கடி. துணுக்கு ஒன்று சிவப்பாக மிதந்தது.

எல்லையில் இன்னொரு ஆணைக் கண்டால் விறைப்பது இந்த மீனின் சுபாவம். காட்டு நிலையில் கொஞ்ச நேரம் முறைப்பார்கள், மிஞ்சினால் ஒரு கடி, தோற்றவன் செடிக்குள் ஓடிவிடுவான். அதோடு முடிந்தது. இந்தப் பெட்டியில் ஓட வழியில்லை, ஜெயிக்கவும் வழியில்லை, எதிரி ஒரு விரற்கடை தூரத்தில் ராப்பகலாக நிற்கிறான். மீன் வளர்த்து விற்பவர்கள் டம்ளருக்கு நடுவில் அட்டை வைப்பது இதனால்தான். ஒரு நாளைக்குச் சில நிமிடம் உருவிக் காட்டுவார்கள், அது ஒரு மாதிரி உடற்பயிற்சி. கடைக்காரர் கடையில் அட்டை வைத்திருந்தார், எனக்கு விற்ற பெட்டியில் அட்டை இல்லை. கடைசியில் தினக்காலண்டர் தாளை நாலாக மடித்து நாங்களே தடுப்பில் ஒட்டினோம். மற்ற மூன்றரை நட்சத்திரம் குறைந்ததற்கு முதல் காரணம் இது.

அடுத்தது தண்ணீர். இங்கே கொஞ்சம் என் தொழிலும் வருகிறது. நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நாள் முழுக்க யூரியா எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று எழுதுகிறவள், வீட்டு மீனின் தண்ணீரைச் சோதிக்காமல் இரண்டு மாதம் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஃபைட்டரைச் சின்னப் பாத்திரத்தில் வைக்கலாம் என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், அது மேலே வந்து காற்றை நேராகவே குடிக்கிறது என்பது. உண்மைதான். தலைக்குள் லேபிரிந்த் என்று ஓர் உறுப்பு இருக்கிறது, அதனால் தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். வேறு மீனாக இருந்தால் அந்த 600 மில்லியில் சீக்கிரமே மிதந்திருக்கும், கடைக்காரரும் விற்க மாட்டார். இந்த மீன் சாகாமல் கிடப்பதால்தான் அதற்கு இந்தக் கதி. ஆனால் மூச்சு ஒரு பக்கம், கழிவு இன்னொரு பக்கம். நமக்குப் புரதக் கழிவு யூரியாவாகிச் சிறுநீரகம் வழியாகப் போகிறது. மீனுக்கு அது பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியாக நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. லேபிரிந்த் உறுப்பு இதற்கு ஒன்றும் செய்யாது. அதே தண்ணீரில்தான் அந்தச் செவுள் நாள் முழுக்க நனைந்துகொண்டிருக்கிறது.

சொட்டு மருந்து மாதிரி வரும் அம்மோனியா சோதனைக் குப்பி வாங்கினேன். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டுவிட்டால் மஞ்சளாகவே இருப்பது நல்லது, பச்சை ஏற ஏறக் கெட்டது. தண்ணீர் மாற்றிய அன்று மஞ்சள். இரண்டாம் நாள் லிட்டருக்கு 1 மில்லிகிராம். நான்காம் நாள் முற்றின முருங்கை இலைப் பச்சை, 4 மில்லிகிராம். வேளைக்கு இரண்டு மூன்று உருண்டைதான் தீனி போட்டோம், அதற்கே இது. இந்த எண் கூடக்கூட நோயாளிக்கு என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் போர் தண்ணீர் கடினம், காரத்தன்மையும் உண்டு. காரம் ஏறினால் அதே அளவு அம்மோனியா இன்னும் விஷம்.

'பராமரிப்பு தேவையில்லை' என்ற அந்த வரியைப் பார்த்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தப் பெட்டியில் ஒரு மீனை ஒழுங்காக வைக்க வேண்டுமானால் தினமும் பாதித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும், அதுவும் குளோரின் போன தண்ணீராக, அதே சூட்டில். பெட்டி சிறிதாகச் சிறிதாக வேலை அதிகம். தொட்டி பெரிதானால் அதே கழிவு கலந்து பரவிவிடும். 600 மில்லியில் விழுவதும் 20 லிட்டரில் விழுவதும் 33 மடங்கு வித்தியாசம். அப்புறம் ஃபில்டர் ஸ்பாஞ்சில் நாலு முதல் ஆறு வாரத்தில் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பெட்டியில் ஸ்பாஞ்ச் வைத்தால் மீனை எங்கே வைப்பது?

குளிரையும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து என் நாத்தனார், "எங்க வீட்டு ஃபைட்டர் ஹார்லிக்ஸ் பாட்டில்ல ரெண்டு வருஷம் இருந்துச்சே" என்றாள். சென்னையில் இருந்திருக்கும். இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவு 15, 16க்கு இறங்கும். இவ்வளவு கொஞ்சம் தண்ணீர் வீட்டோடு சேர்ந்து சட்டென்று குளிர்ந்துவிடும், பகலில் ஜன்னல் வெயில் பட்டால் சட்டென்று ஏறிவிடும். காலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தபோது 18.5. கடையில் கிடைத்ததில் சிறிய ஹீட்டர் 25 வாட். அதன் உயரம் பெட்டியைவிட அதிகம்.

மயில் டிசம்பர் கடைசியில் போனது. பழியை முழுக்கப் பெட்டி மேல் போட மாட்டேன். அந்த வாரம் எனக்கு இரண்டு ஷிப்ட். ஞாயிறு இரவு அவசரத்தில் குழாயில் அப்போதுதான் வந்த காவிரித் தண்ணீரை நேராகப் பிடித்து முழுசாக மாற்றிவிட்டேன். ஒரு நாள் வைத்திருந்து ஊற்றியிருக்க வேண்டும், இல்லை குளோரின் எடுக்கும் சொட்டு விட்டிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அது கல் மேல் சாய்ந்து கிடந்தது, நிறம் மட்டும் அப்படியே. மகள் அழவில்லை. "அதுக்கு ரூம் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று முழுக்க எனக்கு மாதிரிக் குழாய்களில் பெயர் ஒட்டும் வேலையே ஓடவில்லை.

இதற்கு முன்னால் நடுவில் ஒரு நாள் மிளகாய் மேலே நுரைக்கூடு கட்டியிருந்தான். வெள்ளையாகச் சின்னச் சின்னக் குமிழி, மூலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கூடு கட்டிருச்சா? அப்ப சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம்க்கா." நானும் நம்பினேன். ஆண் மீன் குஞ்சு பொரிக்கக் கட்டும் கூடு அது. முட்டைகளை வாயில் எடுத்து அதில் வைத்துக் காவல் காப்பவனும் அவனே. வயதுக்கு வந்த ஆண் டம்ளரிலும் கட்டுவான், அழுக்குத் தண்ணீரிலும் கட்டுவான். கடைச் சுவரில் எத்தனை டம்ளரில் நுரை இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதனைத் தவிர்த்த எந்த உயிரும். அதன் 11ஆவது பிரிவு, நியாயமான அளவுக்கு நடமாட இடமில்லாத கூண்டிலோ பாத்திரத்திலோ விலங்கை அடைப்பதையும் கொடுமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. மீனுக்கு நடமாட்டம் எவ்வளவு என்று யாரும் ஸ்கேல் வைத்து அளந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். ரோம் நகரத்தில் 2005இலேயே உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் மீன் வளர்க்கக் கூடாது என்று தடை போட்டார்கள். தாய்லாந்தில் 2019இல் இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தார்கள். அதே தாய்லாந்துப் பண்ணைகளில் ஆண் மீன்களைத் தட்டையான மது பாட்டில்களில் ஒவ்வொன்றாக அடைத்து ஏக்கர் கணக்கில் அடுக்கியும் வைக்கிறார்கள். வளர்ந்த ஆண்களைப் பிரிக்காவிட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும், பண்ணைக்காரருக்கு வேறு வழி குறைவு என்பது புரிகிறது. பாட்டில் அவருக்குச் சில வாரம். நான் வாங்கின பெட்டி மீனுக்கு ஆயுசு முழுக்க.

குளம்புக் குழிக் கதைக்கும் ஒரு பதில். அந்த மீன் வயலிலும் ஓடையோரத்திலும் ஆழமில்லாத தண்ணீரில் இருப்பது நிஜம். ஆழம் முழங்கால்கூட இருக்காது, பரப்பு வயல் நீளத்துக்குப் போகும். கோடையில் வற்றி ஒரு குட்டையில் மாட்டிக்கொண்டால் அடுத்த மழை வரை தாங்கும். வெள்ளத்தில் நாமும்தான் மொட்டை மாடியில் மூன்று நாள் இருப்போம்.

மயில் போன அந்த வாரமே மிளகாயை மாற்றினோம். 40 செ.மீ. நீளம், 25க்கு 25 கண்ணாடித் தொட்டி, 700 ரூபாய். கல் போட்டு ஊற்றினால் 20 லிட்டர் பிடிக்கிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் 150, காற்று மோட்டார் 300, 25 வாட் ஹீட்டர் 450, செடி 200. ஆக 1,800.

இங்கே கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதையும் எழுத வேண்டும். விட்டவுடன் துள்ளி நீந்துவான் என்று மொபைலை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு நாள் மூலையை விட்டு வரவில்லை. நீள வாலை இழுத்துக்கொண்டு மேலே வந்து காற்றுக் குடிக்கவே திணறினான். ஃபில்டர் குமிழி அவனைக் கண்ணாடியில் தள்ளியது. காட்டு ஃபைட்டருக்கு இவ்வளவு வால் கிடையாது. இது மனிதன் ஆசைக்கு வளர்த்த வால். காற்றுக் குழாயில் இருந்த திருகியைப் பாதிக்கு மூடி, தண்ணீரை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து, மேல்மட்டம் வரை வரும் செடியாக மாற்றி வைத்தோம். அப்பா அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கப் போகும்போது கீழே விழுந்த நாட்டுப் பாதாம் இலை ஒன்றைக் கொண்டுவந்தார். சாலைத் தூசி போகக் கழுவி, கொதிக்கவைத்துப் போட்டேன். தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தது. நான்காம் நாள் அந்த இலைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். பெரிய தொட்டியில் போட்டால் பயப்படும் என்பது சரி. ஒளிய இடமில்லாத பெரிய தொட்டி என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் முழுசாகச் சரி.

இப்போது பிப்ரவரி. வால் ஓரத்தில் நிறமில்லாமல் மெல்லிசாகப் புது ஜவ்வு வளர்ந்திருக்கிறது. அம்மோனியா மஞ்சளிலேயே நிற்கிறது. வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் மாற்றுகிறேன், பதினைந்து நிமிட வேலை. ராத்திரி விளக்கை அணைத்தால் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அகல இலையில் படுத்துக்கொள்கிறான், பரணில் ஏறிப் படுத்த பூனை மாதிரி.

சரி, ஒன்றரை நட்சத்திரம் எதற்கு? அக்ரிலிக் நல்ல தரம், ஐந்து மாதத்தில் ஒரு கசிவு இல்லை, மூடி கச்சிதம்: ஒரு நட்சத்திரம். தொட்டியைக் கழுவும்போது மீனை ஒரு மணி நேரம் வைக்க வசதி: அரை. நீல எல்இடிக்கு ஒன்றும் கிடையாது. சுவிட்ச் இல்லை, வயரைப் பிடுங்கினால்தான் அணையும், முதல் மாதம் அந்த மீன்களுக்கு இருட்டே இல்லை. யாருக்காவது மீன் பரிசளிக்க நினைத்தால் இந்தப் பெட்டியைக் கொடுக்காதீர்கள். இந்த 650 ரூபாயோடு 50 சேர்த்தால் வெறும் கண்ணாடித் தொட்டி கிடைக்கும், மீனை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

போன வாரம் ஸ்பாஞ்ச் மாற்ற அதே கடைக்குப் போயிருந்தேன். "பெட்டி எப்படிக்கா இருக்கு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை. கல்லாவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். நாலடி நீளத் தொட்டி, நிறையச் செடி, உள்ளே ஒரே ஒரு வெள்ளை ஃபைட்டர். "அது விக்கறதுக்கு இல்லக்கா. நான் வளக்கறது."

பெட்டி இப்போது அப்பாவிடம் இருக்கிறது. ஓர் அறையில் எம்6 போல்ட், மறு அறையில் வாஷர். ராத்திரி கரண்ட் போனால் பவர் பேங்கில் சொருகித் தேட வசதி என்கிறார்.